வேதமாணிக்கத்தின் சாட்சி

லஷ்கர் மொகல்லா தமிழ்ச் சர்ச்சில் வரவேற்புக் கூட்டம். பர்மாவில் ஊழியம் செய்து மைசூருக்குத் திரும்பியிருக்கும் வேதமாணிக்கம், கழுத்தை உறுத்தும் மல்லிகை மாலையோடு கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபைமுன் சாட்சியாகச் சொல்ல நிற்கிறார். சன்னல் வெயிலில் கண் கூசுகிறது. பின்கட்டில் ரேஷன் சர்க்கரை போட்ட காப்பி மணக்கிறது. "என் சம்சாரத்தை அங்கேதான் புதைச்சேன். அன்னையிலேர்ந்து எனக்கு ஜெபமே வரல்லே..." மேல்துண்டால் கண்ணைத் துடைக்கிறார். சாட்சி சொல்பவர் அழுதால் உடனே பாட்டெடுப்பது இந்தச் சபையின் வழக்கம். "கர்த்தர் நம்ம சகோதரர் மனசை உருக்கிட்டார். ஸ்தோத்திரப் பாட்டு பாடுவோம்!" என்கிறார் போதகர். ஆர்மோனியம் முந்திக்கொள்கிறது. பெஞ்சுகள் கிறீச்சிட எல்லோரும் எழுகிறார்கள். இன்னும் சொல்லி முடிக்கலையே பாவிகளா என்று வேதமாணிக்கத்தின் நெஞ்சு குமுறுகிறது. ஊழியத்தில் பழகிப்போன வாயோ முதல் அடியிலேயே சேர்ந்துகொள்கிறது, மற்ற எல்லோரையும்விட உரக்க.