யார் காய்ச்சிய பால்?

“கையெழுத்து போடுப்பா துலுக்கானம்! கஞ்சா, மாத்திரைன்னு திரியுறவனுங்களுக்கு நம்ம தெருவுலயே மறுவாழ்வு மையமாம், வைத்தியமாம். சாயங்காலத்துக்குள்ள மனு குடுத்து விரட்டியாகணும்!”

சேக்காடு தெரு நலச்சங்கத் தலைவர் ரகுநாதன் பேனாவை நீட்டினார். தொழிற்சாலையில் ஃபோர்மேனாக அதட்டி அதட்டிப் பழுத்த குரல் அது. அவர் தும்மினால் ஆவடி ஸ்டேஷனில் ரயில் நிற்கும் என்பார்கள். ஆட்டோ துலுக்கானமோ, நிலாவை ஆவடிக்கு மாற்றச் சொல்லி மனு எழுதினாலும் முதல் கையெழுத்து போடுகிற ஆள். இன்று கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

“கை சுளுக்கிக்கிச்சு சார்.”

“இப்பதானேடா அதே கையால ஆட்டோவைத் தள்ளுன?”

“அதுக்கப்புறம்தான் சார் சுளுக்கிச்சு. வுடுங்க சார், பாவம், அதுங்களும் பொழைச்சிப் போவட்டுமே.”

“அதுங்களைப் போலீஸ்ல புடிச்சிக் குடுக்கணும்!”

“தெரியும் சார். போன மீட்டிங்ல மைக்குலயே சொன்னீங்களே, பெத்த புள்ளயா இருந்தாலும் நானே ஜீப்புல ஏத்துவேன்னு.”

போகிற போக்கில் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பினான். ரகுநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை வருடத்தில் அவன் அவரைத் தொட்டதே இல்லை.

அடுத்தது நாகவல்லி. மதில்மேல் உட்கார்ந்த காக்கையிடம்கூட வாடகை கேட்டுச் சண்டை போடுகிறவள். அவளே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஒரு டம்ளர் பாலும் கொடுத்தாள்.

“இன்னா சார் அப்டி பாக்குறீங்க? காலைல அந்த மையத்து ஊட்ல பால் காய்ச்சுனாங்க. உங்க பங்க எடுத்து வெச்சேன்.”

“தெருவே போச்சா? எனக்கு ஏன் யாரும் சொல்லலை? ஜெயில்ல போடவேண்டியவனுக்குப் பால் காய்ச்சுறீங்களா?”

“எங்க அக்கா புள்ளய ஜெயில்லதான் போட்டாங்க. போவசொல்லோ பொட்டலம் வாங்கத்தான் தெரியும். வரசொல்லோ விக்கவும் கத்துக்கினு வந்துச்சு.” அவள் மூக்கைச் சிந்தினாள். “பாலைக் குடிங்க சார். ஒடம்பப் பாத்துக்கங்க. மனசுல எதையும் வெச்சுக்காதீங்க.”

உடம்பா? ரகுநாதனுக்குப் பகீரென்றது. போன வாரம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாரே! முடிவை வாங்கி வந்த மனைவி கஸ்தூரி, “ஒண்ணுமில்லைங்க” என்று சொல்லிவிட்டு அன்று முழுக்க அழுத முகத்தோடு வளைய வந்தாளே! பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கோகுல்நாத்கூட ஃபோனில், “உடம்பைப் பாத்துக்கப்பா” என்பதற்குமேல் பேசுவதில்லை. ஆக, தீராத வியாதி. தெருவுக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

வீட்டுக்கு ஓடினார். பூட்டியிருந்தது. காலையில் கோயிலுக்குப் போன கஸ்தூரி இன்னும் வரவில்லை.

சாவதற்குள் தெருவுக்கு இந்த ஒரு நல்லதையாவது செய்துவிடலாம் என்று, மனுவும் கையுமாக நேரே மையத்துக்கே நடந்தார். வாசலில் மாவிலைத் தோரணம். நிர்வாகி மதிவதனி எழுந்து கைகூப்பினாள்.

“யாரைக் கேட்டும்மா எங்க தெருவுல பால் காய்ச்சின?”

“நான் காய்ச்சலை சார். நான் இங்க வேலைக்கு வந்தவ. வந்து தங்கப்போறவங்க வீட்டுப் பொம்பளைதான் அடுப்பு பத்தவைக்கணும்னு தெருவே ஒத்தைக்கால்ல நின்னுச்சு. அதான், இங்க சேர்ந்த முதல் பையனோட அம்மாவையே காய்ச்சச் சொன்னோம். அவன் விடியக்காலைலதான் வந்தான், உள்ள தூங்குறான்.”

அவர் கையிலிருந்த மனுவை ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்: “அம்மா, சாரே வந்துட்டாரு!”

பால் சட்டியைத் துடைத்தபடி வெளியே வந்த கஸ்தூரி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் ஜீப் ஏதாவது நிற்கிறதா என்று தெருவை எட்டிப் பார்த்தாள்.