பொத்தானின் உயரம்

ஓய்வூதிய அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பொத்தான் வைத்தார்கள். அழுத்தினால் கதவு தானே திறக்கும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காக வாங்கியது. திறப்பு விழாவில் பூசிய சந்தனம் அதன் மேல் இன்னும் உதிரவில்லை.

மறுநாள் ஒரு மணிக்குச் சற்று முன்பு தேவசகாயத்தைச் சுமந்துகொண்டு ஒரு சக்கர நாற்காலி வந்தது. உயிர்வாழ் சான்று கொடுக்க அன்றுதான் கடைசி நாள். ஒரு மணிக்குக் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். தேவசகாயம் கையை நீட்டினார். ஒரு சாண் எட்டவில்லை.

“கொஞ்சம் கீழே இருக்கக் கூடாதா தம்பி?” என்றது நாற்காலி.

“என்னைக் கேட்டா வைத்தார்கள், அக்கா? விழாத் தலைவர் குனியாமல் அழுத்த வேண்டும், போட்டோவில் முகம் விழ வேண்டும் என்று அளந்து வைத்தார்கள்.”

“அவர் நடந்துதானே வந்தார்?”

“காரில் வந்தார்.”

அப்போது உள்ளேயிருந்து ஒருவர் உள்பக்கத்துப் பொத்தானை அழுத்த, கதவு அகலமாகத் திறந்தது. அவர் சாப்பாட்டுப் பையோடு வெளியே போனார். நாற்காலி அவசரமாக உள்ளே நுழைந்தது. கவுன்ட்டரில் ஆள் இல்லை. வெளியே போனவர்தான் அந்த ஆள்.

“பார்த்தீர்களா அக்கா, கதவு எவ்வளவு சுலபமாகத் திறக்கிறது!” என்றது பொத்தான்.