பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

செவ்வாய்க்குப் போகவிருந்த விண்கலத்தை மூட வேண்டிய நாளில், பிரேமன் நகரத்து விண்கலக் கட்டுமானக் கூடத்தின் கருவிப் பலகையில் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் காணோம்.

“வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தொலைச்சுட்டேன்னு எழுதித் தர்றேன், வீப்கே. மூடிடலாம்,” என்றார் தலைமைப் பொறியாளர் டெட்லெஃப். “அடுத்த வாரம் இது ஏவுதளத்துக்குக் கப்பலேறணும்.”

“ஸ்பேனர் வராம என் கையெழுத்து வராது,” என்றாள் கருவிகளுக்குப் பொறுப்பான வீப்கே.

அவளைத் திட்டிக்கொண்டே மூன்று நாள் கலத்தைப் பிரித்தார்கள். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஸ்பேனரை உருவினார் டெட்லெஃப். கூடமே கைதட்டியது.

“இந்தாம்மா, உன் பொக்கிஷம்!”

வீப்கே நம்பரைப் பார்த்தாள்.

“இது முப்பத்தொண்ணு. போன வருஷம் வீட்டுல தொலைச்சுட்டதா நீங்க எழுதிக் குடுத்தது.”

“அப்ப பதினேழு?” என்றது ஒரு குரல்.

டெட்லெஃப், பாதி கழற்றிய கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டார்.