ரசனையைப் பூட்டிய பத்து நாள்

என் மனைவி ஜெசிந்தா காதுக்குப் பின்னால் ரசனைப்பூட்டை ஒட்டி இன்றோடு பத்து நாள். அதை ஒட்டிக்கொண்டால் எந்தப் பாட்டும் பிடிக்காது, பிடிக்காமலும் போகாது. காதில் விழும், அவ்வளவுதான்.

தாள விளையாட்டுப் போட்டிக்கு அவள் நடுவர். ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டுக்குத் தாங்களே குறிகள் அமைத்து அனுப்புவார்கள். விளையாடுபவர் திரையில் குறி விழும் கணத்தில் விரலால் தட்டவேண்டும். குறிகள் தாளத்தோடு எவ்வளவு பொருந்துகின்றன என்பதற்குத்தான் மார்க். போன வருஷம் மெலடிகளுக்கே மார்க்கை வாரி வழங்கியதாக நடுவர்களை எல்லோரும் திட்டினார்கள். அதனால் வந்ததுதான் இந்தப் பூட்டு. முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவள் ஜெசிதான்.

இடையில் கழற்றினால் போட்ட மார்க் செல்லாது. ஆறாம் நாள் பள்ளி ஆண்டுவிழாவில் எங்கள் மகள் தனியாகப் பாடினாள். ஜெசி கை தட்டினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. வீடு வந்ததும் மகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று மாலை மார்க் எல்லாம் போட்டு முடித்துப் பூட்டைக் கழற்றினாள். முடிவை மாற்ற ஒரு மணி நேரம் உண்டு. முதலிடம் கொடுத்த பாட்டை மறுபடி போட்டாள். டெத் மெட்டல். யாரோ தொண்டை கிழியக் கத்தினான். ஜெசி ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டாள்.

“இதுக்கா முதல் பரிசு? மாத்திடு, ஜெசி.”

“பாட்டு சகிக்கலைங்க. ஆனா குறி வச்ச பொண்ணு ஒண்ணைக்கூடத் தப்பா வைக்கலை.”

முடிவை அப்படியே அனுப்பினாள். நானாக இருந்தால் மாற்றியிருப்பேன்.

பிறகு மகளின் அறைக் கதவைத் தட்டினாள். “அன்னைக்குப் பாடினியே, அதை அம்மாவுக்கு இப்போ பாடுடி.”