மரத்தின் மறுமுனை

புங்கமர நிழலில் புதிதாக வந்த மடக்கு ஸ்டாண்டு மூன்று கால்களையும் அகல விரித்து நிற்கிறது. தசரதன் கதவுச் சட்டத்தை வலது கையால் தூக்கி அதன் இரும்புத் தாடைக்குள் வைத்து, கீழே இருக்கும் பெடலைக் காலால் மிதிக்கிறான். தாடை மரத்தைக் கவ்விக்கொள்கிறது. அவனுடைய இடது சட்டைக்கை மடித்து ஊக்கு குத்தப்பட்டிருக்கிறது. அந்தக் கை இரண்டு வருடத்துக்கு முன் இரும்பு ரோலிங் மில்லில் போனது. அன்றிலிருந்து மரத்தின் மறுமுனையைப் பிடிப்பவள் மனைவி கெஜலட்சுமிதான். இன்றும் பழக்கத்தில் வந்து கை நீட்டுகிறாள். “நவுருதா பாரு” என்கிறான். அவள் பலங்கொண்ட மட்டும் ஆட்டிப் பார்க்கிறாள். “நவுர்ல. இத செஞ்ச மவராசன் நல்லா இருக்கணும்.” ரம்பம் ஓடத் தொடங்குகிறது. பின்னால் சென்னை லோக்கல் ரயில் கூவிக்கொண்டு போகிறது. இலைகளுக்கிடையே விழும் வெயிலில் மரத்தூள் மஞ்சளாகப் பறந்து அவன் புருவத்தில் ஒட்டுகிறது. “த்தூ, கண்ல பூந்துகிச்சு” என்று ரம்பத்தைப் பிடித்தபடியே நிற்கிறான். நேற்று வரை தினமும்தான் தூள் விழுந்தது. அவள் கையை எடுத்தால் மரம் சாய்ந்துவிடும் என்று கண்ணீர் வழிய வழிய அறுத்தான். கெஜலட்சுமி இடுப்பில் செருகிய முந்தானையை உருவி, அவசரமே இல்லாமல் அவன் இமையைத் துடைக்கிறாள்.