தள்ளி வைத்த மைக்

ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சின்ன மாதா கோவில் திருவிழா. அருள்நேசன் குடும்பம் பாட வந்திருந்தது. அவர் கீபோட் வாசிப்பார், மனைவி றெஜினாவும் மகள் டிலக்சியும் பாட்டு.

"அக்கா, ரெண்டு மைக்கும் கிட்ட நிண்டால் கூவும். தள்ளி நில்லுங்கோ," என்றான் ஒலிபெருக்கிக்கார அனோஜன்.

றெஜினா சிரித்தாள். மகளின் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை.

"பிள்ளைக்குக் கூச்சமோ அண்ணை?" என்று அனோஜன் அருள்நேசனைக் கேட்டான்.

"அவை அப்பிடித்தான் தம்பி பாடுறவை," என்றார் அருள்நேசன்.

அனோஜன் விடவில்லை. றெஜினாவின் மைக்கைத் தூக்கி நாலடி தள்ளி வைத்து, அங்கே வரும்படி கைகாட்டினான். றெஜினா போய் நின்றாள். அருள்நேசன் தடுக்க எழும்ப முன்னர் சுவாமியார் அவர்களை அறிவித்துவிட்டார்.

டிலக்சி முதல் வரியைப் பாடினாள். தாயின் முறை வந்தது. றெஜினா வாய் திறக்கவில்லை. சனம் திரும்பிப் பார்த்தது.

டிலக்சி பாடிக்கொண்டே போய், தாயின் கையை எடுத்துத் தன் முதுகில் வைத்தாள். அடுத்த வரியில் இரண்டு குரலும் பிசகாமல் சேர்ந்தன.

பாட்டு முடிந்ததும் அனோஜன் வந்தான். "குறை நினையாதேங்கோ தங்கச்சி. அம்மாவுக்குத்தான் கூச்சம் எண்டு இப்பதான் விளங்கினது."

"கூச்சமில்லை அண்ணை. நான் பிறக்க முந்தியே சண்டையில செல் குண்டு விழுந்து அம்மாவுக்கு ரெண்டு காதும் போயிட்டுது. என்ர குரல் அவவின்ர கைக்குத்தான் கேக்கும்."