அருகில் இதுபோன்ற கடைகள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பார். உள்ளே போய்ப் போனைப் பார்ப்பார்.

'பக்கத்தில் கண்ணாடிக் கடை' என்று தேடினால் முதலில் வருவது எதிர்க்கடை. அதைத் தொட்டால், அடியில், 'அருகில் இதுபோன்ற கடைகள்' என்று போனால் போகிறதென்று இவர் கடை.

"இன்னும் அவன்தான் மேல நிக்கிறான்."

மனைவி கண்ணாடி பிரேம்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதான் போன வாரமே என் போன்லேர்ந்து அவரைப் பத்தி எழுதிப் போட்டீங்களே. இன்னும் என்ன?"

"பெருசா என்ன எழுதிட்டேன்? குழந்தைங்ககிட்ட எரிஞ்சு விழறார்னு ஒரு வரி."

"அவர் எரிஞ்சு விழுந்து நீங்க பார்த்தீங்களா?"

"இப்படியே போனா கடையை இழுத்து மூடிட்டு நாம தெருவுல நிக்கணும். அதை மட்டும் அவன் வந்து பார்ப்பானா?"

அவள் துணியை உதறிவிட்டு அடுத்த பிரேமை எடுத்தாள்.

அந்த நேரம் ஒரு பெண், சின்ன மகளைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தாள். குழந்தை அழுத முகமாக அம்மாவின் பின்னால் ஒளிந்தது.

'பார்த்தியா?' என்பதுபோல மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தார் கடைக்காரர்.

குழந்தையைக் கொஞ்சி, சிரிக்க வைத்து, சுழல் நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி, எழுத்துகளைப் படிக்க வைத்தார். அது 'ப'வை 'ய' என்றபோதும் முகம் சுளிக்கவில்லை.

லென்ஸை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே, சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

"போன்ல பார்த்துட்டுதானே வந்தீங்க?"

"போன்ல பார்த்துட்டு எதிர்க்கடைக்குத்தாங்க போனோம். அவர்தான் இங்க அனுப்பினார்."

லென்ஸோடு அவர் கை நின்றது.

"ஏன், அங்க கூட்டமா?"

"ஒருத்தர்கூட இல்லீங்க. 'சம்சாரம் தவறினதுலேர்ந்து குழந்தைங்ககிட்ட சிடுசிடுன்னு விழறேன் போலிருக்கும்மா, எனக்கே தெரியல. யாரோ நல்ல மனசுக்காரர் போன்ல எழுதினப்புறம்தான் உறைச்சுது. பாப்பாவை எதிர்க்கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, அவர் தங்கமான மனுஷர்'னு சொன்னார்."